மத்தியானம் ஏறும் காற்று

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. ஓவர்டைம் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வாலாஜாபாத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டில் என் அறைத்தோழன். சொந்த ஊர் போடிநாயக்கனூர் என்பதால் எல்லோருக்கும் அவன் போடிக்காரன்தான். ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவனை அவன் அம்மாவின் போன் எழுப்பியது. ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. "குரங்கணில தீடா. மேல மெட்ராஸ் பிள்ளைக மாட்டிக்கிருச்சுகளாம்."

அடுத்த சனிக்கிழமை அதே மலைக்கு நாங்கள் போவதாக இருந்தோம். லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. செங்கல்பட்டு டோல்கேட்டில் ஏறுவதற்கு பஸ் டிக்கெட்டும் போட்டிருந்தோம். அறைக்குள் நுழைந்ததும் டி.வி.யைப் போட்டோம். இரவு முழுக்க அணைக்கவில்லை.

சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. மகளிர் தினத்தை ஒட்டிய மலையேற்றம் என்பதால் சென்னைக் குழுவில் பெண்கள் அதிகம். கொழுக்குமலையில் சனிக்கிழமை இரவு தங்கிவிட்டு, ஞாயிறு குரங்கணிக்கு இறங்கி வரும் வழியில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. முதல் நாள் 9 பேர் இறந்ததாகச் சொன்னார்கள். அதன்பின் தேனி, மதுரை, சென்னை மருத்துவமனைகளிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் வந்தது. கடைசியில் 23 என்று நின்றது. பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், வார இறுதிக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பவர்கள். எங்களைப் போன்றவர்கள்தான்.

எனக்கு அது வேறு விதத்திலும் உறுத்தியது. நான் எங்கள் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கிறேன், ஃபயர் டீமிலும் இருக்கிறேன். தின்னர் டிரம் எங்கே நிற்க வேண்டும், வெல்டிங் வைப்பதற்கு முன் யார் கையெழுத்துப் போட வேண்டும், சைரன் அடித்தால் எந்த வாசல் வழியாக எந்த அசெம்ப்ளி பாயின்ட்டுக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கூரைமேல் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு காற்றுப்பை பறக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஆட்களைக் கூட்ட வேண்டும் என்பது பாடம். ஆனால் குரங்கணிக்குப் போகத் திட்டம் போட்டபோது, மார்ச் மாதத்தில் காய்ந்த புல் மலைக்குப் போகிறோம் என்பது ஒரு நொடிகூட என் மனதில் படவில்லை. கம்பெனி கேட்டுக்கு வெளியே தீ என்ற ஒன்றே இல்லாததுபோல இருந்திருக்கிறேன்.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்துத்தான் போனோம். 2020 பொங்கல் விடுமுறை. நான், போடிக்காரன், சித்தப்பா மகனான என் தம்பி. மாட்டுப் பொங்கலன்று இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் போடியில் இறங்கினோம். போடிக்காரனின் அம்மா ஆளுக்கு ஆறு இட்லியை வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். "மேல போய் எதையும் பத்த வச்சிராதீங்கய்யா" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் அந்தப் பாதை எங்களுக்கு இல்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அனுமதி வாங்கியது டாப் ஸ்டேஷன் போகும் பழைய பாதைக்கு. அது சுற்றுலாவுக்காகப் போட்ட பாதை அல்ல. மூணாறு தேயிலை மலையாளத்துப் பக்கம் விளைந்தாலும், ஒரு காலத்தில் அது கீழே வந்தது இந்த வழியாகத்தான். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-இல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். ரயில் டாப் ஸ்டேஷனில் நிற்கும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்று கயிறு நின்ற இடங்களின் பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. சென்ட்ரல் ஸ்டேஷன் என்றதும் என் தம்பி ஏதோ ரயில் நிலையம் என்றே நினைத்திருந்தான். அது காபித் தோட்டங்களுக்கு நடுவே சில வீடுகள் உள்ள குக்கிராமம். வண்டி போகும் ரோடு கிடையாது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமே குதிரையில்தான் போகும்.

எங்களை அழைத்துப்போனவரும் குதிரைக்காரர். அறுபதை நெருங்கும் வயது. அரிசி, பருப்பு, சிமென்ட் மூட்டையை மேலே ஏற்றுவார், காபிக் கொட்டையும் ஏலக்காயும் கீழே இறக்குவார். எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "யாரு பீடி, சிகரெட்டு குடிக்கிறது?" என் தம்பி தலையைச் சொறிந்தான். கையை நீட்டினார். பாக்கெட்டையும் லைட்டரையும் வாங்கி, குரங்கணி டீக்கடைப் பலகையில் வைத்துவிட்டு, "எறங்கி வந்து வாங்கிக்க தம்பி" என்றார்.

முதல் ஒரு மணி நேரம் மாமரமும் இலவ மரமுமாக நிழலிலே போனோம். போடிப் பக்கத்து இலவம் பஞ்சு பேர்போனது. பாதையெல்லாம் பஞ்சு பறந்து கிடக்கும் காலம் பிறகு, மார்ச், ஏப்ரலில் வரும் என்றான் போடிக்காரன். பஞ்சும் அப்போதுதான், காய்ந்த புல்லும் அப்போதுதான். தோப்பு முடிந்ததும் மலை சட்டென்று திறந்துகொண்டது. இரண்டு பக்கமும் இடுப்பளவுப் புல். பச்சை என்றால் அப்படியொரு பச்சை. இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்திருந்தது. நான் நின்றுவிட்டேன். டி.வி.யில் பார்த்த கருகிய மலை என் மனதில் அப்படியே இருந்தது. இங்கே கருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"மலை தேறிருச்சுண்ணே" என்றான் தம்பி.

குதிரைக்காரர் பதில் சொல்லவில்லை. பாதையோரம் குனிந்து ஒரு புல் தூரை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். வெளியே பார்த்தால் பச்சைத் தாள். உள்ளே போன வருடத்துச் சருகு, வைக்கோல் நிறத்தில், கை நிறைய. அதற்குள் அதற்கு முந்திய வருடத்துச் சாம்பல் நிறத் தாள். அடியில் விரல்கடை உயரத்துக்குத் தூர்க்கட்டை கரி பிடித்துக் கிடந்தது. அந்தக் கரியைப் பிளந்துகொண்டுதான் பச்சைக் குருத்து வந்திருந்தது. ஒரு தாளைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே வைத்தார். எலுமிச்சை வாசம். "போதைப்புல்லு. எண்ணெ இருக்கு பாத்தியளா? இது தீயில சாகாது. மொத மழைக்கு மொளச்சிரும். மாசி வந்தா இதேதான் மண்ணெண்ணெ."

அன்றிலிருந்து பச்சையாக இருக்கும் புல் சரிவை எங்கே பார்த்தாலும் என் கண் அதன் தூருக்குத்தான் போகிறது. தீக்குப் பிறகு மலையில் முதலில் திரும்பி வருவது மறுபடி எரியக்கூடியதுதான். புல், பெரணி, உண்ணிச்செடி. நெல்லியும் வேங்கையும் தடித்த பட்டையால் தப்பித்துக்கொள்கின்றன. மலையீச்சை கருகின தண்டோடு நின்று உச்சியில் புது ஓலை விடுகிறது. ஆனால் ஓடையை ஒட்டி இடுக்குகளில் இருந்த சோலை மரங்களுக்கு அந்தத் தைரியம் இல்லை. மெல்லிய பட்டை, ஈரத்திலேயே வளர்ந்த மரங்கள். ஒரு இடுக்கில் எட்டுப் பத்து மரங்கள் பட்டை உரிந்து, வெள்ளை எலும்பாக நின்றன. அவற்றின் காலடியில் ஒரு மரக்கன்றுகூட இல்லை, புல்தான் ஏறியிருந்தது. எந்த வருடத்துத் தீ என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு மரமாகக் காட்டி ஒவ்வொரு வருடம் சொன்னார். எங்களுக்குக் குரங்கணித் தீ என்றால் ஒன்றுதான், 2018. அவருக்கு அது வரிசையில் ஒன்று.

பாதை ஒரு மொட்டைப் பாறையில் ஏறியது. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம், உயரத்தில், கொழுக்குமலைச் சரிவு. மேலே தேயிலையின் சீப்பு வாரிய வரிசை, அதற்குக் கீழே செங்குத்தாகப் புல் மலை, இடையிடையே பாறை வெடிப்பு. குதிரைக்காரர் கையை நீட்டாமல் தாடையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார். "ஒத்தமரத்துக்குக் கீழ" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கும் இட்லி இறங்கவில்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு எட்டில் இறங்கிவிடலாம் போலத் தெரியும். பாதை கண்ணுக்கே தெரியவில்லை. அந்தப் புல்லுக்குள் நடப்பவருக்கு முன்னால் போகிறவரின் பைதான் தெரியும். தீ எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது எப்படித் தெரியும்?

அப்போது மணி பதினொன்று இருக்கும். அவர் ஒரு காய்ந்த தாளைக் கிள்ளி மேலே விட்டார். அது சற்றே மிதந்து, சரிவின் மேல்பக்கமாகப் போய் விழுந்தது. "திரும்பிருச்சு" என்றார். புரியாமல் பார்த்தோம். "காலைல காத்து எறங்கும். வெயில் ஏறுனா காத்தும் ஏறும். மத்தியானத்துல கீழ தீ இருந்தா மேல நிக்கக் கூடாது. இது எங்க ஊர்ல மாடு மேய்க்கிற பயலுக்கும் தெரியும்."

ஃபயர் ட்ரெயினிங்கில் இதைப் பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சூடு மேல்நோக்கிப் போகும், சரிவில் மேலே உள்ள பொருளைத் தீ தொடுவதற்கு முன்பே காயவைத்துவிடும், அதனால் தீ மேட்டில் ஓடும், பள்ளத்தில் நடக்கும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புக்காரர்கள் சொல்லும் கணக்கு. நான் அதைப் பரீட்சைக்கு எழுதிப் பாஸ் செய்தவன். ஆனால் அந்தப் பாறைமேல், அந்த ஒற்றைத் தாள் திரும்பிப் பறந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் கூரைமேல் பறக்கும் காற்றுப்பை இங்கே அவர் விரலிடுக்கில் இருந்தது.

"அப்போ எங்கதான் நிக்கணும்?" என்று கேட்டேன்.

"இந்தா, இதுல" என்று பாறையைத் தட்டினார். "பாற இல்லாட்டி ஏற்கனவே எரிஞ்ச எடம். கால் சுடும். சுட்டாச் சுடட்டும். எரிஞ்ச எடம் திரும்ப எரியாதுல்ல."

பாதையில் எதிரே ஏழெட்டுப் பெண்கள் இறங்கி வந்தார்கள். தோட்டத்து வேலைக்காரர்கள், பொங்கல் முடிந்து எங்கோ உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள். தலையில் மூட்டை, இடுப்பில் ஒருத்திக்குப் பிள்ளை. ரப்பர் செருப்பு. நாங்கள் மூன்று பேரும் மலையேற்ற ஷூ, முதுகில் பெல்ட் போட்ட பை, கையில் கம்பு என்று நின்றோம். ஒதுங்கி வழிவிட்டோம். "எங்கிட்டு, டாப் ஸ்டேசனுக்கா? பாத்துப் போங்கப்பா, பனி எறங்கும்" என்றபடி அவர்கள் நிற்காமல் போனார்கள். அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பி எங்கள் பைகளைப் பார்த்தது.

பொழுது சாய்வதற்குள் சென்ட்ரல் ஸ்டேஷன். குதிரைக்காரரின் கொழுந்தியா வீடு. தகரக் கூரை, மண் சுவர், வாசலில் காபிக் கொட்டை காயப்போட்ட தார்ப்பாய். சுடுசோறும் பீன்ஸ் குழம்பும் போட்டார்கள். குளிர் தரையிலிருந்து ஏறியது. என் தம்பி வாசலில் கேம்ப் ஃபயர் போடலாமா என்று கேட்டான். ஊரிலிருந்து கிளம்பும்போதே அவனுக்கு அந்த ஆசை. இரவு மலையில் தங்குவது என்றால் நடுவில் நெருப்பு, சுற்றிலும் ஆட்கள் என்றுதானே எல்லாப் படத்திலும் பார்த்திருக்கிறோம்.

குதிரைக்காரர் கோபப்படவில்லை. "உள்ள வா" என்று அடுப்படிக்குக் கூட்டிப்போனார். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அங்கேதான், யாரும் கேட்காமல், அவராகப் பேச ஆரம்பித்தார். தீப்பிடித்த அன்று சாயங்காலம் ஊரிலிருந்து முதலில் ஏறியவர்களில் அவரும் ஒருவர். போர்வையும் கம்பும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். டோலி கட்டித் தூக்கினார்கள். இருட்டு, பாதையில்லாத சரிவு, இன்னும் அணையாத புல். ஹெலிகாப்டரும் விமானப்படை ஆட்களும் வருவதற்கு முன்னால் அந்த மலையில் இருந்தவர்கள் குரங்கணி, கொட்டகுடி ஊர்க்காரர்களும் முதுவாக்குடி ஆட்களும் வனத்துறைக்காரர்களும்தான். அதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

"தண்ணிதான் கேட்டாங்க தம்பி. எல்லாரும் தண்ணிதான் கேட்டாங்க. நான் ஒரு கேனுதான் கொண்டு போயிருந்தேன்."

போடிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுப்பில் விறகு சரிந்தது.

படுக்கப் போகும்முன் அவர் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கொள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் தட்டினார். சொம்புத் தண்ணீரைத் தெளித்தார், கொட்டவில்லை. சாம்பலைக் குச்சியால் கிளறி மறுபடி தெளித்தார். கடைசியில் உள்ளங்கையை அந்தச் சாம்பலுக்குள் மணிக்கட்டுவரை விட்டு, மெதுவாகத் துழாவினார். ஒரு இடத்தில் கை நின்றது. அங்கே இன்னும் கொஞ்சம் தண்ணீர். மறுபடி கை. அப்புறம்தான் எழுந்தார். வீட்டுக்குள் இருக்கும் அடுப்புக்கு இவ்வளவா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கக்கூடிய இடமில்லை அது.

தேய்பிறை நிலா நடுராத்திரிக்கு மேல்தான் வந்தது. தூக்கம் வராமல் வாசலுக்கு வந்தேன். எதிர்மலை ஒரே கறுப்பாக, சத்தமில்லாமல் இருந்தது. கீழே வெகு ஆழத்தில் போடியின் விளக்குகள். காற்று மேலிருந்து கீழே, என் கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னபடியே. அந்த மார்ச் மாதத்து இரவில் இந்தக் குளிர்ந்த காற்று அடிபட்டவர்கள்மேலும் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அது அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, வலியாக இருந்திருக்குமா? நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஏற்றம் கடுமை. ஆனால் அழகு என்றால் அது. டாப் ஸ்டேஷனை நெருங்க நெருங்கப் புல்வெளிக்கு நடுவே காட்டுப்பூவரசு ரத்தச் சிவப்பில் பூத்து நின்றது. அதன் பட்டையும் தீயைத் தாங்கும். சில மரங்களின் அடி கருகியிருந்தது, கிளை நுனியில் பூ. ஒரு சரிவில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த குச்சிகள் அடர்த்தியாக நின்றன. தீயில் வெந்தவை என்று நினைத்தேன். இல்லை, குறிஞ்சியாம். 12 வருடத்துக்கு ஒருமுறை பூத்து, விதை போட்டு, செத்துவிடும் செடி. "அந்த வருசந்தான பூத்துச்சு. மார்ச்சுல தீ, ஆவணில மலையெல்லாம் நீலம். ஜீப்பு ஜீப்பா ஆளுக வந்தாக" என்றார். குனிந்து பார்த்தால் காய்ந்த குச்சிகளின் அடியில் இரண்டு மூன்று விரல் உயரத்துக்குப் புது நாற்றுகள். அவை பூக்க 2030 ஆகும். அதுவரை ஒவ்வொரு மாசி, பங்குனியையும் அவை தாண்டியாக வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் ஆறு பேர் அரிவாளோடு புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சரிவில் நெடுக்காக ஒரு பட்டை, தரை தெரியும்வரை செதுக்கிய கோடு. ஃபயர் லைன். தினக்கூலிக்கு வந்த ஊர்க்காரர்கள். காடு காய்வதற்குள் முடித்துவிட வேண்டும். இவ்வளவு பெரிய மலைக்கு அந்தக் கோடு ஒரு நூல் மாதிரி தெரிந்தது. நாங்கள் பையை இறக்கிவைத்துவிட்டு அரை மணி நேரம் புல்லை வாரிப் போட்டோம். கையெல்லாம் கீறல். எலுமிச்சை வாசம் வாலாஜாபாத் வந்து சேரும்வரை போகவில்லை.

2018 தீயை விசாரிக்க அதுல்ய மிஸ்ரா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை வைத்து அரசு ஒரு நபர் விசாரணை நடத்தியது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. இப்போது அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டிகளோடு அனுப்புகிறது. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக் காலம் என்று பாதைகளை மூடவும் செய்கிறது. நல்ல காரியம். அந்த வழிகாட்டிகள் மலையடிவாரத்து ஊர்களின் பிள்ளைகள் என்பது எனக்கு இன்னும் பெரிய நிம்மதி. ஆனால் மலையில் மலையேற்றக்காரர்கள் மட்டும் நடப்பதில்லை. அதை நாங்கள் மலையிலிருந்து திரும்பிய இரண்டே மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

2020 மார்ச் கடைசி வாரம். ஊரடங்கு. ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக மூடின. வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி இல்லை. தெற்கத்திப் பையன்கள் பாதிப் பேர் முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள், போடிக்காரன் என்னோடு அறையில் மாட்டிக்கொண்டான். அப்போது செய்தி வந்தது. போடிக்குத் தெற்கே ராசிங்காபுரத்துக்காரர்கள், கேரளத்து ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். ஊரடங்கால் வேலையும் இல்லை, வண்டியும் இல்லை என்று, மலைப்பாதை வழியாகவே ஊருக்கு நடந்திருக்கிறார்கள். வழியில் காட்டுத்தீ. ஒரு குழந்தை உட்பட நான்கு பேர் இறந்துபோனார்கள்.

நாடு முழுக்க வேறு செய்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். டி.வி.யில் அது ஒரு வரியாக வந்து போய்விட்டது. ஹெலிகாப்டர் இல்லை, இரவு முழுக்கப் பார்க்க எதுவும் இல்லை. எனக்கு அந்தப் பாதையில் வழிவிட்ட பெண்களும், இடுப்பிலிருந்து எங்கள் பைகளைத் திரும்பிப் பார்த்த பிள்ளையும்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் வேறு ஊர், வேறு மலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை.

போடிக்காரன் குதிரைக்காரருக்குப் போன் போட்டான். இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி எடுத்தார்.

"இங்கிட்டும் பிடிச்சிருச்சு தம்பி. அவரு மேல தீ அடிக்கப் போயிருக்காரு."

"தனியாவா சித்தி?"

"இல்ல, ஊராளுக பத்துப் பேரு. பச்சக் கொப்பு வெட்டிக்கிட்டுப் போயிருக்காக." கொஞ்சம் நிறுத்தி, "தண்ணிக் கேனு நாலு தூக்கிட்டுப் போனாரு. குதிரையவும் கூட்டிட்டு" என்றார்.